நாற்பதுக்குப் பிறகு இன்டர்ன்: மலையகத்திலிருந்து ஐ.டி. துறைக்கு மாறுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தோட்ட ஒபிஸில் கிளாக்கராக இருந்தவர், ஃபெக்டரியில் வேலை பார்த்தவர், ஹட்டனில் ஃபோன் கடை நடத்தியவர், கட்டாரில் ஸ்டோர் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர், பிள்ளைகள் வளர்ந்த பிறகு வேலைக்குப் போக நினைக்கும் அம்மா என்று பலரும் கேட்பவை இங்கே இருக்கின்றன. கல்லூரி முடித்த கையோடு வரும் பிள்ளைகளுக்கு இது பெரிதாக உதவாது.

எனக்கு 44 வயது. இன்டர்னாக எடுப்பார்களா?

எடுப்பார்கள், ஆனால் முன்வாசலால் போனால் கஷ்டம். கம்பனிகள் போடும் இன்டர்ன் விளம்பரங்களில் பெரும்பகுதி பல்கலைக்கழக மாணவர்களுக்கானது. பட்டப்படிப்பின் ஒரு பகுதியாக அவர்கள் சில மாதங்கள் ஒரு நிறுவனத்தில் பயிற்சி பெற வேண்டும், அதற்குப் பல்கலைக்கழகமே கடிதம் கொடுத்து அனுப்பும். உங்களிடம் அந்தக் கடிதம் இருக்காது. அதனால் ‘டிரெய்னி’, ‘அசோசியேட்’, ‘சப்போர்ட் எக்சிகியூட்டிவ்’ என்ற பெயர்களில் வரும் இடங்களையும் சேர்த்துத் தேடுங்கள். வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான், கடிதம் கேட்பது குறைவு.

வெளிநாடுகளில் இதற்கென்றே திட்டங்கள் இருக்கின்றன. அமெரிக்க வங்கியான கோல்ட்மன் சாக்ஸ் 2008இல், வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கு ‘ரிட்டர்ன்ஷிப்’ என்று ஒன்றைத் தொடங்கியது. இந்தியாவில் டாட்டா குழுமமும் அதே வருடம், வேலையை இடையில் விட்ட பெண்களுக்காக ஒரு திட்டம் கொண்டுவந்தது. அமேசன் 2021இல் 16 வாரச் சம்பளப் பயிற்சிக்கு 1,000 பேரை எடுப்பதாக அறிவித்தது. ஆனால் இவை பெரும்பாலும் ஏற்கெனவே அலுவலக வேலையில் இருந்து சில வருடம் விட்டவர்களுக்கானவை. இலங்கையில் அப்படி ஒன்று வரட்டும் என்று காத்திருந்தால் வயதுதான் கூடும். 10 முதல் 60 பேர் வரை வேலை செய்யும் சிறிய கம்பனிகளுக்கு நேரடியாக எழுதுவதே பலன் தருகிறது. அங்கே ஆள் எடுப்பவரும் வேலை வாங்குபவரும் பெரும்பாலும் ஒரே ஆள்.

எந்த வேலையைக் குறிவைப்பது? புரோகிராமிங்கா?

முதல் கதவாகப் புரோகிராமிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதே எங்கள் அபிப்பிராயம். அந்த வரிசையில் 22 வயதுப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் நிற்கிறார்கள், இரவு இரண்டு மணி வரை உட்கார அவர்களால் முடியும். உங்களுக்கு ஏற்றவை மூன்று: மென்பொருள் சோதனை, அதாவது கியூ.ஏ.; வாடிக்கையாளர் சப்போர்ட்; ஒரு மென்பொருளை வாங்கிய இடத்தில் அதை நிறுவிப் பழக்கிக் கொடுக்கும் இம்ப்ளிமென்டேஷன் வேலை. இந்த மூன்றிலும் பழைய அனுபவத்துக்கு விலை இருக்கிறது. உள்ளே போன பிறகு புரோகிராமிங் பக்கம் நகர்வதை யாரும் தடுக்கப் போவதில்லை.

ஓர் உதாரணம். அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்தால் பிறந்த தேதியைத் தானாகக் காட்டும் ஒரு படிவத்தைச் சோதிக்கச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். பழைய இலக்கத்தில் ஒன்பது எண்ணும் கடைசியில் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு எண் பிறந்த வருடம், அடுத்த மூன்று வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். புதிய இலக்கம் 12 எண், வருடம் நான்கு எண்ணாக வரும். இதுவரை இணையத்தில் தேடினால் எந்தப் பிள்ளையும் கண்டுபிடித்துவிடும்.

சிக்கல் அடுத்ததில் இருக்கிறது. அடையாள அட்டைக் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். 1981 மார்ச் 1 பிறந்த பெண்ணின் அட்டையில் 561 என்று இருக்கும்: 61ஆம் நாள், கூட்டல் 500. 1981 லீப் வருடம் அல்ல, கெலண்டர்படி மார்ச் 1 அந்த வருடத்தின் 60ஆம் நாள். புரோகிராமர் சாதாரண தேதிக் கணக்கைப் போட்டிருந்தால் திரையில் மார்ச் 2 என்று வரும். லீப் அல்லாத வருடத்தில் பெப்ரவரிக்குப் பிறகு பிறந்த அத்தனை பேருக்கும் ஒரு நாள் பிந்திக் காட்டும். சேமலாப நிதிப் படிவங்களை வருடக்கணக்காக நிரப்பிய கிளாக்கருக்கு இந்த ஒரு நாள் வித்தியாசம் உடனே கண்ணில் படும். அவர் இன்னும் சிலவற்றையும் போட்டுப் பார்ப்பார்: சின்ன எழுத்தில் ‘வி’, நடுவில் ஒரு இடைவெளி, நாள் 000, நாள் 367, நாள் 500, நாள் 867. இந்த நான்கு நாளும் ஏற்கப்படக் கூடாதவை. ஆணுக்கு 001 முதல் 366, பெண்ணுக்கு 501 முதல் 866 வரைதான் சரி.

பெயரும் அப்படித்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து, செக்ரோல் என்ற தோட்டச் சம்பளப் பதிவேட்டில் இன்னொன்று என்று மூன்று விதமாக எழுதப்பட்ட மனிதர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ‘முதல் பெயர், குடும்பப் பெயர்’ என்று இரண்டு கட்டம் போட்ட படிவம் நமது ஆட்களிடம் எங்கே உடையும் என்பதைக் கொழும்பில் வளர்ந்த பிள்ளைக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தமிழ் தெரிந்திருப்பதால் ஏதாவது நன்மை உண்டா?

உண்டு. வங்கி, காப்புறுதி, அரச சேவை ஆகியவற்றின் செயலிகள் மூன்று மொழியில் வருகின்றன, தமிழ்ப் பக்கத்தை ஒழுங்காகச் சோதிக்க ஆள் கிடைப்பது கஷ்டம். தமிழ் வரி நீளமாகி பொத்தானுக்கு வெளியே வழிவது, பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை ஒட்டியதால் ஆங்கிலக் குப்பையாகத் தெரிவது போன்றவை தினமும் வரும். நுட்பமான ஒன்று: ‘கொழும்பு’ என்பதில் உள்ள ‘கொ’வை, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோட்டில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வுக்குப் பின் ஒகரக் குறி ஒரே துண்டாக வரலாம், அல்லது கொம்பும் காலும் இரண்டு துண்டாக வரலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஆனால் மென்பொருள் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றி ஒப்பிடாவிட்டால், ஒரு விதமாகச் சேமித்த பெயரை மற்ற விதமாக அடித்துத் தேடும்போது ‘இல்லை’ என்று சொல்லும்.

இன்னும் பாமினியில் தட்டச்சுச் செய்கிறவர் என்றால் இந்த வாரமே யூனிகோடுக்கு மாறுங்கள். பாமினி விசை அமைப்பிலேயே யூனிகோட் அடிக்க உதவும் கருவிகள் இருக்கின்றன, விரல் பழக்கம் வீணாகாது.

என் ஆங்கிலம் சுமார்தான். முடியுமா?

பேச்சு சுமாராக இருக்கலாம், எழுத்து தெளிவாக இருக்க வேண்டும். இந்த வேலையில் பாதி எழுத்து. பிழை அறிக்கைக்கு நான்கு பகுதி: எந்தத் திரையில், என்ன செய்தேன், என்ன வர வேண்டும், என்ன வந்தது. ஒவ்வொன்றும் ஒரு சின்ன வாக்கியம், கூடவே ஒரு ஸ்கிரீன்ஷொட். தினமும் உங்கள் ஃபோனில் உள்ள ஏதாவது ஒரு செயலியில் ஒரு குறையைக் கண்டுபிடித்து இப்படி ஆங்கிலத்தில் எழுதுங்கள். இரண்டு மாதத்தில் கையில் ஐம்பது அறிக்கை இருக்கும். அவற்றில் நல்ல பத்தைத் தேர்ந்து விண்ணப்பத்தோடு அனுப்பலாம், சான்றிதழைவிட அதைத்தான் படிக்கிறார்கள்.

என்ன படிப்பு வேண்டும்? ஏ/எல் இல்லை.

பட்டம் இல்லாமலும் சப்போர்ட், சோதனை வேலைகளுக்கு வழி இருக்கிறது. காகிதம் ஒன்று கையில் இருப்பது நல்லது என்றால் என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற் தகைமையைப் பாருங்கள். அது 1 முதல் 7 வரை மட்டங்களைக் கொண்டது: 4 வரை தொழில் சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். ஏற்கெனவே செய்து பழகிய வேலைக்கு, பயிற்சி வகுப்பில் உட்காராமல் முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் மதிப்பீட்டுக்குத் தோற்றலாம். ஃபோன், கம்ப்யூட்டர் திருத்தியவர்கள் இதைக் கவனியுங்கள். செய்த வேலையின் படங்கள், பில், கடைப் பதிவு, வேலை கொடுத்தவரின் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்து வைத்தால் மதிப்பீடு சுலபம். விவரம் தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையங்களிலும் நைட்டா என்ற அரச பயிற்சி நிறுவனத்தின் அலுவலகத்திலும் கிடைக்கும்.

மொரட்டுவைப் பல்கலைக்கழகம் இணையவழியில் இலவசப் பாடநெறிகள் நடத்துகிறது. வெப் டிசைன், பைதன் இரண்டும் தொடக்கத்துக்குப் போதும். ஏ/எல் இருந்து, பட்டமும் வேண்டும் என்றால் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பி.ஐ.டி. என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் இருக்கிறது. முதலாம் வருடத்தோடு நிறுத்தினாலும் டிப்ளோமா கிடைப்பது வேலையோடு படிப்பவருக்கு ஆறுதல். சில லட்சம் வாங்கும் தனியார் வகுப்புக்கு நகையை அடகு வைக்க வேண்டாம். முதல் மூன்று மாதத்துக்கான பாடம் முழுவதும் இலவசமாகவே கிடைக்கிறது.

எவ்வளவு காலம் தயாராக வேண்டும்?

தினம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் ஆறு முதல் ஒன்பது மாதம். முதல் இரண்டு மாதம் தட்டச்சு, எக்செல், பிழை அறிக்கை. எக்செலில் வி-லுக்கப் (பட்டியலில் தேடி எடுப்பது), பிவட் டேபிள் (தொகுத்துக் காட்டுவது) இரண்டும் கை தானாகப் போகுமளவு. அடுத்த இரண்டு மாதம் இணையப் பக்கத்தை எழுதும் எச்.டி.எம்.எல்., அந்தப் பக்கத்தின் உள்ளே பார்க்க உதவும் பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸ், தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் எஸ்.கியூ.எல். பிறகு போஸ்ட்மேன் கருவியில் ஏ.பி.ஐ. (மென்பொருள்கள் தமக்குள் தகவல் பரிமாறும் வழி) சோதனை, புரோகிராமில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் அடிப்படை. எஸ்.கியூ.எல்.லில் ஜொயின் (இரண்டு அட்டவணைகளை இணைப்பது) வரை வந்துவிட்டால் விண்ணப்பிக்கத் தொடங்குங்கள், எல்லாம் முடியட்டும் என்று இருக்காதீர்கள்.

எப்படிப்பட்ட லெப்டொப் வாங்குவது?

பழையதே போதும், ஆனால் பார்த்து வாங்க வேண்டும். இன்டெல் புரொசசர் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போக வேண்டாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்தது, விண்டோஸ் 11 அதற்குக் கீழ்த் தலைமுறைகளை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. கடைக்காரர் ‘ஐ7’ என்று சொல்லி நான்காம் தலைமுறையைத் தள்ளிவிடப் பார்ப்பார், எட்டாம் தலைமுறை ஐ5 அதைவிட நல்லது. ரெம் 8 ஜி.பி. குறைந்தபட்சம், 16 இருந்தால் நிம்மதி. ஹார்ட் டிஸ்க் கண்டிப்பாக எஸ்.எஸ்.டி., 256 ஜி.பி. போதும். கடையிலேயே சார்ஜரைக் கழற்றி 20 நிமிடம் ஒரு வீடியோ ஓடவிடுங்கள், பெட்டரி எப்படி இறங்குகிறது என்று தெரிந்துவிடும்.

மலைநாட்டில் லெப்டொப்பைக் கொல்வது ஈரமும் விறகுப் புகையும். அடுப்படிக்குப் பக்கத்தில் வைத்தால் விசிறியில் பிசுபிசுப்பாகப் படிந்து, சூடேறி, வேகம் குறையும். இரவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய பெட்டியில் வையுங்கள். குளிரில் பஸ்ஸில் கொண்டுவந்ததைச் சூடான அறையில் உடனே ஓன் செய்யாமல் அரை மணி நேரம் விடுங்கள்.

வீட்டில் சிக்னல் சரியில்லை. வீட்டிலிருந்து வேலை செய்யலாமா?

அளந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஃபோனில் சிக்னல் அளவு காட்டும் இலவசச் செயலியைப் போட்டு ஆர்.எஸ்.ஆர்.பி. என்ற எண்ணைப் பாருங்கள். மைனஸ் 100ஐவிட நல்லதாக, அதாவது மைனஸ் 90, 85 என்று இருந்தால் மீட்டிங் ஓடும். மைனஸ் 110க்குப் போனால் நடுவில் அறுந்துகொண்டே இருக்கும். தகரக் கூரை சிக்னலை மறைக்கும். ரவுட்டரை அறைக்குள் வைக்காமல் டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலில் வையுங்கள். அதுவும் போதாவிட்டால், வெளி அன்டெனா பொருத்தும் துளை உள்ள ரவுட்டரை வாங்கி அன்டெனாவைக் கூரைக்கு மேலே ஏற்றுங்கள். இடிமழைக் காலத்தில் அதைக் கழற்றி வைக்க மறக்க வேண்டாம்.

கரண்ட் போனால் ரவுட்டரைத் தாங்க ஒரு மினி யூ.பி.எஸ். வாங்கலாம். ரவுட்டர் எடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் அம்பியரும் பார்த்து வாங்குங்கள். 12 வோல்ட் 2 அம்பியர் கேட்கும் ரவுட்டருக்கு 1 அம்பியர் கொடுத்தால் எரிந்து எரிந்து அணையும். வீடியோ மீட்டிங் மணிக்கு ஏறக்குறைய 1 ஜி.பி. தின்னும், கெமராவை நிறுத்தினால் வெகுவாகக் குறையும். இரவு டேட்டா தனியாக உள்ள பெக்கேஜ் என்றால் பெரிய டவுன்லோடுகளை நள்ளிரவுக்குப் பிறகு ஓடவிடுங்கள்.

முதல் மூன்று மாதம் மட்டுமாவது ஒபிஸுக்குப் போவது நல்லது என்பது எங்கள் கருத்து. பக்கத்தில் இருப்பவரின் திரையைப் பார்த்துக் கற்பதற்கு ஈடு இல்லை. கண்டியில் இடம் கிடைத்தால் கொழும்பைவிட அதைப் பாருங்கள், போர்டிங் செலவு கணிசமாகக் குறையும். கொழும்பு என்றால் மழைக் காலத்தில் கினிகத்தேனை, கித்துல்கலைப் பாதை மண்சரிவால் மூடப்படலாம் என்பதை ஆரம்பத்திலேயே மேலாளரிடம் சொல்லிவிடுங்கள். திங்கள் காலை ஃபோனில் சொன்னால் சாக்கு மாதிரிக் கேட்கும்.

இப்போதுள்ள வேலையை எப்போது விடுவது?

தேதி பார்த்து விடுங்கள். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்த இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தியானால், நீங்களாக விலகினாலும் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி பணம் உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு முழு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தின் அரை மாதம், நாட்சம்பளக்காரருக்கு 14 நாள் கூலி. விலகி 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். நான்கு வருடம் பத்து மாதத்தில் ராஜினாமாக் கடிதம் கொடுப்பவர் இரண்டு மாதப் பொறுமையின்மைக்காக முழுத் தொகையையும் இழக்கிறார்.

சேமலாப நிதியை நம்பி வேலையை விட வேண்டாம். வேலை மாறியதற்காக அதை எடுக்க முடியாது. ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயது வர வேண்டும். தோட்டத்து ஸ்டாஃப் குவாட்டர்ஸில் குடியிருப்பவர்கள் வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டி வரும், அதற்கு ஏற்பாடு இல்லாமல் கடிதம் எழுதக் கூடாது. கையில் ஆறு மாதக் குடும்பச் செலவும் ஒரு மாத போர்டிங் முற்பணமும் இருக்கட்டும்.

இன்டர்னுக்குச் சம்பளம் எவ்வளவு? கடிதத்தில் என்ன பார்க்க வேண்டும்?

இடத்துக்கு இடம் வித்தியாசப்படும், பஸ் காசு மட்டும் கொடுக்கும் இடங்களும் உண்டு. ஊழியராகச் சேர்த்தால் 2026 ஜனவரி முதல் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா, உங்கள் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும் முதலாளியிடமிருந்து 12 சதவீதமும் சேமலாப நிதிக்கு, மேலும் 3 சதவீதம் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குப் போக வேண்டும். ‘கொடுப்பனவு’ என்று மட்டும் எழுதியிருந்தால் இவை சேருமா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள். கடிதத்தில் தொடங்கும் தேதி, முடியும் தேதி, தொகை, வேலை நேரம், லெப்டொப் யாருடையது, முடிவில் யார் மதிப்பிட்டு எந்தத் தேதிக்குள் நிரந்தரம் பற்றிச் சொல்வார்கள் என்பவை வேண்டும். கடைசி ஒன்றைத்தான் பலரும் கேட்காமல் விடுகிறார்கள்.

சி.வி.யில் வயதைப் போட வேண்டுமா?

அவசியம் இல்லை. பிறந்த தேதி, சாதி சமயம், விவாக நிலை, 1998 ஓ/எல் பெறுபேறு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இரண்டு பக்கம் போதும். பழைய வேலையை எண்ணிக்கையோடு எழுதுங்கள்: எத்தனை பேரின் சம்பளத்தைக் கணக்கிட்டீர்கள், மாதக் கடைசியில் எத்தனை நாளில் முடித்தீர்கள், எந்த மென்பொருளில். ‘கடின உழைப்பாளி’ என்ற வரியை யாரும் படிப்பதில்லை.

என் மகன் வயதுப் பிள்ளை மேலாளராக இருப்பாரே?

இருப்பார். பெரும்பாலான ஐ.டி. ஒபிஸ்களில் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ‘சேர்’ போட்டால் அவர்களுக்குக் கூச்சம், மீட்டிங்கில் ‘தம்பி’ என்றால் அதிகாரத்தைக் குறைத்த மாதிரி. மீட்டிங்கில் பெயர், சாப்பாட்டு மேசையில் தம்பி தங்கச்சி என்று வைத்துக்கொண்டால் சிக்கல் இல்லை. உங்களை அவர்கள் அண்ணா, அக்கா என்பார்கள், சில இடத்தில் அங்கிள் என்றும் வரும். கோபிக்க ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மரியாதையால் உங்கள் பிழையைச் சொல்லத் தயங்குவார்கள், அது உங்களுக்குத்தான் நட்டம். முதல் வாரத்திலேயே ‘பிழை இருந்தால் நேராகச் சொல்லுங்கள்’ என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

முதல் மாதத்தில் எங்கே சறுக்குகிறார்கள்?

மௌனத்தில். ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு, கேட்டால் மானம் போகும் என்று இரண்டு நாள் உட்கார்ந்திருப்பது வயதில் மூத்தவர்களிடம் அதிகம். முப்பது, நாற்பது நிமிடம் முயற்சி செய்யுங்கள், பிறகு கேளுங்கள். கேட்கும்போது என்ன செய்து பார்த்தீர்கள், திரையில் என்ன செய்தி வந்தது என்று எழுதிக் கேளுங்கள். ஒருமுறை கேட்டதைக் கொப்பியில் எழுதுங்கள், அதே கேள்வி மூன்றாம் முறை போனால் முகம் மாறும்.

அடுத்தது கிட். மற்றவர்களும் வேலை செய்யும் கிளையில் (பிரதியில்) ஃபோர்ஸ் புஷ், அதாவது அங்கே இருப்பதன் மேல் வலிந்து ஏற்றுவது, செய்தால் அடுத்தவரின் வேலை அழியலாம். பாஸ்வேர்ட் உள்ள கோப்பைக் கமிட் செய்து, அதாவது கிட்டில் பதிந்துவிட்டால் அடுத்த கமிட்டில் அழிப்பது போதாது, பழைய வரலாற்றில் இருக்கும். உடனே சொல்லி அந்த பாஸ்வேர்டை மாற்ற வைக்க வேண்டும். காலையில் நடக்கும் 15 நிமிட ஸ்டேண்ட்-அப்பில் நேற்று செய்தது, இன்று செய்யப்போவது, தடை என்ன என்று மூன்று வாக்கியம் போதும். நமக்கு விளக்கிச் சொல்லும் பழக்கம், அங்கே அது எடுபடாது.

ஏ.ஐ. வந்த பிறகு இதெல்லாம் பயன்படுமா?

சோதனைப் பட்டியலை ஏ.ஐ. ஒரு நிமிடத்தில் எழுதித் தரும். அதில் எது நமது ஊரில் நடக்கும், எது விடுபட்டிருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவருக்கு அது உதவியாள். கம்பனியின் தரவையோ புரோகிராம் வரிகளையோ அனுமதி இல்லாமல் அதில் ஒட்ட வேண்டாம்.

காசு கட்டினால் இன்டர்ன்ஷிப் தருகிறோம் என்கிறார்கள். நம்பலாமா?

வேண்டாம். பயிற்சிக் கட்டணம், டெபொசிட், லெப்டொப் காப்புப் பணம், எந்தப் பெயரில் கேட்டாலும் விலகுங்கள். தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று அழைத்துப்போய் மியன்மாரின் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்ட இலங்கையர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டு வேலை என்றால் முகவரின் அனுமதிப்பத்திரத்தை வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றலாம் என்று சொன்னால் அந்தப் பேச்சை அதோடு முடியுங்கள்.

பயிற்சி முடிந்து நிரந்தரமாக்காவிட்டால்?

முடியும் தேதிக்கு ஆறு வாரம் முன்பே கேளுங்கள். கடைசி நாளில் கேட்டால் பட்ஜெட் இல்லை என்ற பதில்தான் வரும். இல்லை என்றால் மூன்றை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்: என்ன வேலை செய்தீர்கள் என்று விவரமாக எழுதிய சேவைக் கடிதம், பரிந்துரைக்குப் பெயர் கொடுக்கலாம் என்று மேலாளரின் சம்மதம், நீங்கள் எழுதிய அறிக்கைகளில் கம்பனியின் தகவல் நீக்கப்பட்ட, காட்ட அனுமதி தரப்பட்ட சில மாதிரிகள். பயிற்சியை இன்னும் மூன்று மாதம் நீட்டலாம் என்றால், தொகை கூடினால் மட்டும் ஒருமுறை சம்மதியுங்கள். இரண்டாம் முறை நீட்டச் சொல்லும் இடத்தில் மலிவாக ஓர் ஆள் தேவைப்படுகிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் வேறு இடங்களுக்கு விண்ணப்பம் போய்க்கொண்டிருக்க வேண்டும்.